சூசன் பாய்ல் ஏன் முதல் பரிசு வாங்கவில்லை?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: "சூசன் பாய்ல் பாடுகிற அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் போட்டியில் அவர்தான் ஜெயித்தார் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் இடம்தானாம். உள்குத்து ஏதாவது நடந்ததா? நடுவர்கள் வாயைப் பிளந்ததும் நடிப்புதானா? அப்புறம் அவர் என்ன ஆனார்?"

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருக்கிறது. அந்த ஏழு நிமிடத்தில் நாம் பார்த்ததை எவ்வளவு தூரம் நம்பலாம்? பாட்டுப் போட்டி, நடனப் போட்டி நிகழ்ச்சிகளின் எடிட்டிங் அறையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அதனால் அந்த வீடியோ எப்படிக் கோக்கப்பட்டது என்பதைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்ல முடியும். பிரிட்டனில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே நடந்தவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியே பதிவாகி இருப்பதை வைத்துத்தான்.

முதலில் தெரிந்த விஷயங்கள். 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' என்ற திறமைப் போட்டி பிரிட்டனின் ஐடிவி சேனலில் 2007-இல் தொடங்கியது. நீங்கள் பார்த்தது மூன்றாவது சீசன், 2009. நடுவர்கள் சைமன் கவல், அமாண்டா ஹோல்டன், பியர்ஸ் மோர்கன் ஆகிய மூவர். தொகுப்பாளர்கள் ஆன்ட், டெக் இரட்டையர். ஜெயித்தவருக்கு 1 லட்சம் பவுண்டும், அரச குடும்பத்தினர் முன்னால் நடக்கும் ராயல் வெரைட்டி மேடையில் ஓர் இடமும் பரிசு. சூசனின் ஆடிஷன் ஜனவரியில் கிளாஸ்கோவில் கிளைட் அரங்கத்தில் படமாக்கப்பட்டது. ஒளிபரப்பானது ஏப்ரல் 11, சீசனின் முதல் நாள். நடுவில் கிட்டத்தட்ட மூன்று மாதம். எடிட்டருக்கு அது தாராளமான அவகாசம். கையில் இருப்பதிலேயே பெரிய வெடியை முதல் நாளிலேயே கொளுத்துவது என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிகிறது.

இப்போது வீடியோவுக்கு வருவோம். நடுவர்கள் முன்னால் வருவதற்குள் எல்லாப் போட்டியாளர்களையும் தயாரிப்புக் குழு தனியாக ஒருமுறை கேட்டுவிடும். இது ரகசியமே இல்லை. உலகம் முழுக்க இந்த வகை நிகழ்ச்சிகள் அப்படித்தான் நடக்கின்றன. ஆக, இந்த 47 வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது குழுவுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் 'லே மிசராப்ளஸ்' நாடகப் பாட்டின் இசைத்தடத்தை அளவாக வெட்டித் தயாராக வைத்திருக்க முடியாது. நடுவர்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்கிறார்கள். நம்புவதற்கு இடம் இருக்கிறது. நடுவரின் முதல் முகபாவம்தான் இந்த நிகழ்ச்சியின் மூலதனம். அதைக் கெடுத்துக்கொள்ள எந்தத் தயாரிப்பாளரும் விரும்பமாட்டார். ஆனால் 'விசேஷமான ஒருவர் வருகிறார்' என்ற அளவுக்குக்கூட யாரும் காதில் போடவில்லையா என்று கேட்டால், அதை அன்று அரங்கில் இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் கண் போவது வேறு இடத்துக்கு. எந்த ஊர் என்று சைமன் கேட்டதும், சூசன் தன் ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நடுவில் ஒரு வார்த்தைக்காகத் திணறுவார்; கிராமங்கள் என்று சொல்ல வேண்டியது உடனே வராது. சாதாரணமாக ஒரு பேட்டியை எடிட் செய்யும்போது இந்த மாதிரித் தடுமாற்றத்தைத்தான் முதலில் வெட்டுவோம். அரை நிமிட வேலை. இங்கே அது அப்படியே இருக்கிறது. வயதைச் சொல்லிவிட்டு இடுப்பை ஆட்டியதும் இருக்கிறது. மேடைக்கு வருவதற்கு முன், பூனையோடு தனியாக வாழ்வதையும் யாரும் தன்னை முத்தமிட்டதே இல்லை என்பதையும் அவர் சொல்லும் துண்டும் இருக்கிறது. ஒவ்வொன்றும் அவர் செய்ததுதான், எதுவும் பொய் இல்லை. ஆனால் நாம் அவரைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தேவையானது எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டின் முதல் வரி வந்ததும் நம் சிரிப்பே நம் மேல் திரும்புகிறது. மேடை ஓரத்தில் நிற்கும் தொகுப்பாளர் கேமராவை நேராகப் பார்த்து, இதை நீங்கள் எதிர்பார்க்கவில்லைதானே என்று நம்மையே கேட்கிறார். குற்றவாளிக் கூண்டில் நிற்பது நடுவர்கள் இல்லை, வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நாம்.

கூட்டத்தில் ஒரு பெண் கண்ணை உருட்டுவாரே, அந்த ஷாட் பிறகு இணையத்தில் தனியாகப் பிரபலமானது. பார்வையாளர்கள் பக்கம் திரும்பிய கேமராக்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். மதியம் யாரோ ஒரு மந்திரவாதியைப் பார்த்து முகம் சுளித்த ஷாட்டை மாலையில் வந்த பாடகியின் பக்கத்தில் வைத்தால் உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. இது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அந்தக் குறிப்பிட்ட ஷாட்டை அப்படித்தான் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் உண்மையிலேயே சூசனைப் பார்த்துத்தான் கண்ணை உருட்டியிருக்கலாம். ஆனால் பத்து வினாடிக்குள் வரும் மூன்று நான்கு முகங்களை வைத்து, அரங்கமே அவருக்கு எதிராக இருந்தது என்று முடிவுகட்டுவதற்கு அந்த வீடியோவில் போதிய ஆதாரம் இல்லை. கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது அரங்கமேதான். அதை முழு அரங்கையும் காட்டும் வைட் ஷாட்டில் பார்க்கலாம், வைட் ஷாட்டில் ஏமாற்றுவது கடினம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'எங்கிருந்தோ வந்த, யாருக்கும் தெரியாத பாடகி' என்பதும் பாதிதான் சரி. யாருக்கும் தெரியாது என்பது சரி. ஸ்காட்லாந்தின் வெஸ்ட் லோதியன் பகுதியில் பிளாக்பர்ன் என்ற சின்ன ஊர் அவருடையது (இங்கிலாந்தில் இருக்கும் பெரிய பிளாக்பர்ன் வேறு). ஆனால் அவர் முறையாகக் குரல் பயிற்சி எடுத்தவர், தேவாலயத்தில் பாடியவர். 1999-இல் அந்தப் பகுதியில் நற்பணி நிதிக்காக வெளியிட்ட ஒரு குறுந்தகட்டில் பாடியிருக்கிறார். 1995-இல் வேறொரு தொலைக்காட்சித் தேர்வுக்கும் போயிருக்கிறார். 2007-இல் தாயார் இறந்த பிறகு கொஞ்ச காலம் பாடாமலே இருந்துவிட்டு, அம்மாவின் ஆசை என்பதால் இந்தப் போட்டிக்கு வந்தார். முப்பது வருடம் வாய்ப்புத் தேடி அலைந்த ஒரு பயிற்சி பெற்ற பாடகியின் கதை இது. எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது, ஆனால் ஏழு நிமிடத்தில் சொல்ல அது வசதிப்படாது.

சரி, இனி உள்குத்துக்கு வருவோம். ஆடிஷன் வீடியோவை உலகம் முழுக்கப் பார்த்தது. இரண்டு வாரத்துக்குள் பத்துக் கோடி தடவை என்ற அளவில் கணக்குச் சொன்னார்கள். ஹாலிவுட் நடிகை டெமி மூர் ட்விட்டரில் அதைப் பகிர்ந்தது அப்போது பெரிய செய்தி. ஆனால் அப்படிப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. ஓட்டு என்பது பிரிட்டனில், நேரலை நடக்கும் அந்த இரவில், காசு கொடுத்துத் தொலைபேசியில் அழைப்பது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அவருக்காகக் கண்கலங்கியவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பந்தயக்காரர்கள்கூட அவர்தான் ஜெயிப்பார் என்று கணித்திருந்தார்கள், ஆகவே அதிர்ச்சி உலகத்துக்கு மட்டுமல்ல.

நேரலைச் சுற்றுகளில் நடந்ததை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, அதனால்தான் இந்தக் குழப்பமே. மே 24 முதல் 29 வரை ஐந்து அரையிறுதிகள். ஒவ்வொன்றிலும் எட்டுப் போட்டியாளர்கள், இருவருக்கு இறுதிச்சுற்று. மக்கள் ஓட்டில் முதலில் வருபவர் நேராகப் போவார். அடுத்த இரண்டு இடத்தில் வந்தவர்களில் ஒருவரை நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். முதல் அரையிறுதியில் சூசன் 'கேட்ஸ்' நாடகத்தின் 'மெமரி' பாடினார். தொடக்கத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது, அப்புறம் பிடித்துக்கொண்டார், மக்கள் ஓட்டில் முதலிடம் அவருக்கே. அன்று நடுவர்களின் தேர்வால் உள்ளே போன இரண்டாவது அணி எது தெரியுமா? டைவர்சிட்டி. ஆறு நாள் கழித்து அவரை வென்ற அதே நடனக் குழு. பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை விட்டுவிட்டு நடுவர்கள் இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சூசனை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று நடுவர்கள் திட்டம் போட்டிருந்தாலும் சரி, தோற்கடிக்கத் திட்டம் போட்டிருந்தாலும் சரி, அந்த இரவின் கணக்கு இரண்டுக்குமே ஒத்துவருவதில்லை. முதல் இரவில் அவர் டைவர்சிட்டியைத் தாண்டியிருந்தார். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை.

அந்த ஆறு நாளில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, பத்திரிகைகள். டேப்லாய்டுகள் எனப்படும் லண்டனின் பரபரப்புப் பத்திரிகைகள் அவருக்கு 'சூபோ' என்று பட்டப்பெயர் வைத்து, அவர் தங்கிய ஓட்டல் வாசலிலேயே காத்துக் கிடந்தன. ஓட்டலில் யாரிடமோ கோபமாகக் கத்தினார் என்று செய்தி வந்தது. போட்டியை விட்டு விலக நினைக்கிறார் என்றும் வந்தது. நடுவர் பியர்ஸ் மோர்கனே வெளிப்படையாக அவருக்காகப் பேச வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் மோர்கனே முன்னாள் டேப்லாய்டு ஆசிரியர். இரண்டாவது, டைவர்சிட்டி புதிய ஆட்டம் ஒன்றைத் தயார் செய்தது. கிழக்கு லண்டன், எசெக்ஸ் பக்கத்துப் பையன்கள் 11 பேர், தலைவர் ஆஷ்லி பான்ஜோ. இறுதிச்சுற்றில் அவர்கள் ஆடியதைத் தேடிப் பாருங்கள். சூப்பர்மேன், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று சினிமாத் துணுக்குகளை அடுக்கி, ஒவ்வொரு ஐந்து வினாடிக்கும் ஒரு புது விஷயம் வைத்து ஆடினார்கள். எடிட்டராகச் சொல்கிறேன், கட் செய்யவே தேவையில்லாத நடனம். அவர்களே மேடையில் கட் செய்துவிட்டார்கள். அதே இரவில் சூசன் பாடியது ஆடிஷனில் பாடிய அதே பாட்டு. நன்றாகவே பாடினார். ஆனால் அந்த ஆச்சரியம் ஏப்ரலிலேயே செலவாகிவிட்டது.

மே 30 இறுதிச்சுற்றை உச்ச நேரத்தில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பிரிட்டனின் மக்கள்தொகை அப்போது ஆறு கோடிக்குச் சற்று மேல். வெளியிடப்பட்ட கணக்குப்படி டைவர்சிட்டிக்கு 24.9 சதவீதம், சூசனுக்கு 20.2, மூன்றாவதாக வந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஜூலியன் ஸ்மித்துக்கு 16.4. மீதம் 38.5 சதவீதத்தை ஏழு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். மொத்த ஓட்டு கிட்டத்தட்ட 40 லட்சம் என்று அப்போது சொல்லப்பட்டது. அப்படியானால் வித்தியாசம் இரண்டு லட்சத்துக்குள். பெரிய தோல்வி இல்லை. ஜெயித்தவருக்கே கால்வாசிதான் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். பத்துப் பேர் நிற்கும் தேர்தலில், ஒரே சுற்றில், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்றால் இப்படித்தான் இருக்கும். இரண்டு பேரை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டெடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம், மாறாமலும் போயிருக்கலாம்.

பாடகர்கள் ஓட்டைப் பிரித்துக்கொண்டதால்தான் சூசன் தோற்றார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. இறுதிச்சுற்றில் பாட வந்தவர்கள் சூசனோடு ஐந்து: ஷாஹீன் ஜஃபர்கோலி, ஹாலி ஸ்டீல், ஷான் ஸ்மித், பிறகு தாத்தாவும் பேத்தியுமாகப் பாடிய 2 கிராண்ட். ஆட வந்தவர்கள் நான்கு: டைவர்சிட்டி, இன்னொரு லண்டன் தெருநடனக் குழுவான ஃப்ளாலெஸ், சிறுவன் ஏடன் டேவிஸ், அப்பாவும் மகனுமாகக் கிரேக்க ஆட்டத்தையும் ஐரிஷ் ஆட்டத்தையும் கலந்து சிரிக்க வைத்த ஸ்டாவ்ரோஸ் ஃப்ளாட்லி. ஓட்டுப் பிரிந்தது என்றால் இரண்டு பக்கமும்தான் பிரிந்தது.

ஓட்டையே மாற்றிவிட்டார்களா என்பதற்கு நேரான பதில்: அப்படி ஒரு ஆதாரமும் வெளிவரவில்லை, ஓட்டை மாற்றுவதற்கான சூழ்நிலையும் அப்போது இல்லை. பிரிட்டனில் 2007-இல் பெரிய தொலைபேசி ஓட்டு ஊழல் ஒன்று வெடித்தது. நேயர்கள் காசு கொடுத்து அழைத்த அழைப்புகளைப் பல நிகழ்ச்சிகள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று தெரிந்தது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2008 மே மாதம் ஐடிவிக்கு மட்டும் 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டது. அதற்குப் பிறகு இந்த ஓட்டுகளை வெளியார் சரிபார்க்க வேண்டும் என்பது கட்டாயமானது. சூடுபட்டு ஒரு வருடமே ஆன சேனல், நாடே பார்க்கும் இறுதிச்சுற்றில் மறுபடி அதே வேலையைச் செய்யும் என்று நம்புவது கஷ்டம். லாப நோக்கில் பார்த்தாலும் அவசியமில்லை. சைமன் கவலின் நிறுவனம் நிகழ்ச்சியிலும் பங்குதாரர், இசைத்தட்டும் வெளியிடுவது. சூசன் முதலில் வந்தாலும் இரண்டாவது வந்தாலும் ஆல்பம் அவர்களிடம்தான் வரப்போகிறது. வேண்டுமென்றே தோற்க வைத்தார்கள் என்பதும் இதனாலேயே வெறும் ஊகமாக நின்றுவிடுகிறது.

அப்படியானால் மக்கள் ஏன் மாறினார்கள்? இந்த இடத்தில் என் கருத்தை மட்டும்தான் சொல்ல முடியும். ஓட்டுப் போட்டவர்களை யாரும் தனித்தனியாக விசாரிக்கவில்லை. ஒரு வார எதிர்மறைச் செய்தி கொஞ்சம் பேரை விலக்கியிருக்கலாம். 'அவர்தான் எப்படியும் ஜெயிப்பாரே' என்று பலர் போனை எடுக்காமல் விட்டிருக்கலாம். தெளிவான முன்னணிக்காரர் இருக்கும் எல்லாப் போட்டியிலும் இந்த அலட்சியம் உண்டு. எனக்கு மூன்றாவது காரணம்தான் கனமாகப் படுகிறது: நேரலை இரவில் ஓட்டு விழுவது அன்று பார்த்ததற்கு. டைவர்சிட்டி அன்று புதிதாக ஒன்றைக் காட்டியது.

இந்தச் சீசனில் எனக்கு உறுத்துவது முடிவு இல்லை. நேரலையில் ஆட்களை வைத்து ஆடிய விதம்தான். கடைசி அரையிறுதியில் பத்து வயது ஹாலி ஸ்டீல் பாடிக்கொண்டே அழுதுவிட்டாள். இன்னொரு தடவை பாட விடுங்கள் என்று மேடையிலேயே கெஞ்சினாள். முதலில் நேரமில்லை என்றார்கள். பிறகு சைமன் தலையிட்டு வாய்ப்புக் கொடுத்தார்கள். மறுநாளே இறுதிச்சுற்று. குழந்தையை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததே தவறு என்று அங்கே பலரும் எழுதினார்கள், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஷாஹீனின் ஆடிஷனில் சைமன் பாதியில் நிறுத்தி வேறு பாட்டுப் பாடச் சொன்னது மட்டும் நல்லபடியாக முடிந்தது. 12 வயதில் அவன் பாடியதைக் கேட்டவர்கள் அழைக்க, ஜூலை 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மைக்கேல் ஜாக்சன் நினைவு நிகழ்ச்சியில் அவன் பாடினான்.

சூசன் அன்று மேடையில் தோல்வியை நல்ல மனதோடு ஏற்றுக்கொண்டார். சிறந்தவர்கள்தான் ஜெயித்தார்கள் என்று சொல்லிப் பையன்களை வாழ்த்தினார். மறுநாள் மாலை உடல், மனச் சோர்வால் லண்டனில் பிரையரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்றைய பிரதமர் கார்டன் பிரவுனே அவர் எப்படி இருக்கிறார் என்று சைமனிடமும் மோர்கனிடமும் விசாரித்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார். சில நாளில் வெளியே வந்தார். அந்த வருடம் நவம்பர் 23 அன்று முதல் ஆல்பம். பிரிட்டனில் முதல் வாரத்தில் மட்டும் 4 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. அங்கே அதுவரை எந்த அறிமுக ஆல்பமும் முதல் வாரத்தில் அவ்வளவு விற்றதில்லை. அமெரிக்காவில் அதே வாரம் 7 லட்சத்தைத் தாண்டியது. ஆடிஷனில், யாரைப் போல வர ஆசை என்று கேட்டபோது புகழ்பெற்ற நாடகப் பாடகி இலேன் பெய்ஜ் பெயரை அவர் சொன்னதும் கூட்டம் நமட்டுச் சிரிப்புச் சிரித்ததே, அந்த இலேன் பெய்ஜுடன் சேர்ந்து டிசம்பரில் தொலைக்காட்சியில் பாடினார்.

2013-இல், தனக்கு ஆஸ்பெர்கர் (ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஒரு நிலை) இருப்பது ஒரு வருடம் முன்பு தெரிய வந்ததாகவும், அது தனக்கு நிம்மதியாக இருந்ததாகவும் சொன்னார். சிறு வயதிலிருந்து அவருக்கு மூளையில் பாதிப்பு என்றே சொல்லி வளர்த்திருந்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் பழைய போட்டியாளர்களை வைத்து நடந்த 'சாம்பியன்ஸ்' சீசனில் கலந்துகொண்டார். அதிலும் முதல் பரிசு வேறொருவருக்குத்தான். 2022-இல் லேசான பக்கவாதம் வந்து, திரும்பப் பாட முடிய வேண்டும் என்று ஒரு வருடம் உழைத்து, 2023-இல் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' இறுதிச்சுற்று மேடையில் 'லே மிசராப்ளஸ்' குழுவோடு அதே பாட்டைப் பாடினார்.

டைவர்சிட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2009 டிசம்பரில் பிளாக்பூலில் அரசியார் முன்னால் ஆடினார்கள். இன்னும் ஒரே குழுவாக இருக்கிறார்கள். 2020-இல் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' மேடையில், அமெரிக்காவில் போலீஸ்காரர் கையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதைத் தொட்டு அவர்கள் ஆடிய நடனத்துக்கு ஆஃப்காமிடம் 24,000-க்கும் மேல் புகார் குவிந்தது. விசாரிக்க ஒன்றுமில்லை என்று ஆஃப்காம் சொல்லிவிட்டது. அடுத்த வருடம் நேயர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி விருது அந்த நடனத்துக்குக் கிடைத்தது.